நின்றுகொண்டிருந்த வண்டி

என் வீட்டுக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது இவர் காலை மிதித்தால், மிதித்தவர் வாயைத் திறப்பதற்குள் இவர் 'சாரி' சொல்லிவிடுவார். எவனோ தப்பான நம்பருக்குப் போன் செய்தால், அவன் தேடுகிற ஆள் தான் இல்லை என்பதற்காக அவனிடம் மன்னிப்புக் கேட்பார். கடைக்காரர் மீதியைக் குறைத்துக் கொடுத்தால் அதைச் சொல்வதற்கு முன்னாலும் ஒரு சாரி. என் தம்பி இவருக்கு 'சாரி மாமா' என்று பெயரே வைத்துவிட்டான். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிட்டாலும், "சாரி மச்சான், கவனிக்கல" என்றுதான் திரும்பிப் பார்ப்பார்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது பிடித்துத்தான் இருந்தது. குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன் கிடைத்தாரே என்று நிம்மதி. என் வாய்க்கு, வீட்டில் இன்னொருவரும் கத்த ஆரம்பித்தால் அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த சாரியே ஒருநாள் எங்களை நடுரோட்டில் நிறுத்தும் என்று யார் கண்டது?

இவர் தையல் மெஷின் மெக்கானிக். கடை கிடையாது, கார்தான் கடை. டிக்கியில் மெஷின் தலைகள், பெல்ட், எண்ணெய் டப்பா, நூல் சுற்றுகிற பாபின் பெட்டி என்று திணித்து வைத்திருப்பார். தையல் கம்பெனி, வீடு என்று போன் வருகிற இடத்துக்கெல்லாம் போவார். நான் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். சாயங்காலம் வேலை முடிந்து வழியில் என்னை ஏற்றிக்கொள்வது வழக்கம்.

அன்றைக்கும் ஏற்றிக்கொண்டார். பாலத்து ஏற்றத்தில் சிக்னல் சிவப்பு. வண்டியை நிறுத்தினார். நான் டாக்டரம்மா என் லீவில் கைவைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன், இவர் "ம்" கொட்டிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து டமார் என்று ஒரு இடி. என் கைப்பை டாஷ்போர்டில் போய் விழுந்தது. டிக்கி வாயைப் பிளந்துகொண்டது. பாபின் பெட்டி உடைந்து, அத்தனை பாபினும் ஏற்றத்தில் கீழ்நோக்கி உருள ஆரம்பித்தன. நான் இறங்கி அவற்றின் பின்னால் ஓடினேன். இடித்தது யார், இடிபட்டது யார் என்றெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை. இவர் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டுமே என்ற ஒரே நினைப்பு. ஓடும்போது என் வாயும் ஏதோ கத்தியிருக்கும். அது என்றைக்குச் சும்மா இருந்தது?

இடித்தவர் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்ட இளைஞர். சட்டை மடிப்புக் கலையவில்லை. காரை விட்டு இறங்கும்போதே போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டுதான் இறங்கினார். நான் பாபின்களைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தபோது இவர் அவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் இன்சூரன்ஸ் விவரங்களை வாங்கிக்கொண்டார்கள். போலீஸ் வரவேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அந்த இளைஞர் சொன்னார். இவரும் தலையாட்டினார். அப்போது எனக்கு அது நல்ல மனசாகத் தெரிந்தது. என்னை எதால் அடிக்கலாம்.

எங்கள் இன்சூரன்ஸ் மலிவான வகை. நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கொடுக்கும். நம்மை யாராவது இடித்தால் இடித்தவருடைய கம்பெனிதான் நம் வண்டியைச் சரிசெய்து தர வேண்டும். நின்ற வண்டியைப் பின்னால் வந்து இடித்திருக்கிறார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்து அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

என் அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. அப்புறம் பாட்டு. பாட்டு என்றால் முழுப் பாட்டு இல்லை. ஒரே துண்டு, முடிந்து முடிந்து மறுபடி தொடங்கும். அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. யாராவது எடுத்தால் ஆனா ஆவன்னாவிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும். எந்தப் பாலம், எந்தச் சிக்னல், நீங்கள் மோதினீர்களா, உங்கள் மேல் மோதினார்களா. கேட்டுவிட்டு வேறு பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே மறுபடி ஆனா ஆவன்னா. ஒருத்தி உங்கள் கம்பெனியைக் கேளுங்கள் என்பாள். எங்கள் கம்பெனியைக் கேட்டால் அவர்களைக் கேளுங்கள் என்பார்கள். இரண்டு பேரும் நடுவில் என்னைப் போட்டுப் பந்தாடினார்கள்.

நானே அந்த வேலை பார்க்கிறவள்தான். கன்னம் வீங்கிப் போன் செய்கிறவர்களிடம், "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் வயிற்றெரிச்சல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு காதில் இன்சூரன்ஸ் பாட்டை வைத்துக்கொண்டு, இன்னொரு காதில் பல்வலிக்காரருக்கு "லைன்ல இருங்க" சொன்ன நாளும் உண்டு. அன்றைக்கு டாக்டரம்மா கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த பார்வையில் என் மிச்ச லீவும் போயிற்று.

ஒர்க்‌ஷாப்காரர் வேறு, இங்கே விட்டுவைத்த வண்டியை எப்போது எடுப்பீர்கள், இடத்தை அடைக்கிறது என்று கேட்க ஆரம்பித்திருந்தார். கடைசியில் ஒரு வழியாக இடித்தவருடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் சேதம் பார்க்க வந்தார். தோளில் பை, கையில் கேமரா, பேச்சில் அத்தனை மரியாதை. நசுங்கின இடத்தையெல்லாம் படம் எடுத்தார். இவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். நான்தான் கூட நின்றேன். எப்போது வேலையை ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன். அவர் தயங்கினார்.

"மேடம், உங்க வண்டிதான் ஏற்றத்துல பின்னாடி உருண்டு வந்து இடிச்சுச்சுன்னு அந்தக் கார்க்காரர் எழுதிக் கொடுத்திருக்காரு" என்றார். "உங்க வீட்டுக்காரரும் அதை ஒத்துக்கிட்டிருக்காரே."

தன் போனில் ஒரு துண்டு வீடியோ காட்டினார். அதில் இவர், இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகச் சேர்த்துவைத்துக்கொண்டு நிற்கிறார். "சாரிங்க, சாரி, என் தப்புதான். இன்னும் கொஞ்சம் முன்னாடி போய் நிறுத்தியிருக்கலாம். உங்களுக்கு அடி ஏதும் படலையே?" அவ்வளவுதான் வீடியோ.

எனக்கு ரத்தம் கொதித்தது. சர்வேயர் மேல் இல்லை, இடித்தவர் மேல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து, இவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். நின்ற வண்டிக்கு மன்னிப்புக் கேட்கிற ஆளை இந்த உலகத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்றேன். வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது, 'ஏன் இடிச்சே' என்று கேட்க என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். இவர் ஒற்றைச் செருப்போடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். என்னை ஒருமாதிரி பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார், சொல்லவில்லை.

"சாரிம்மா" என்றார் கடைசியில்.

அதைக் கேட்டு இன்னும் இரண்டு கத்து கத்தினேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் ஒன்று மெல்ல மாற ஆரம்பித்தது. எனக்குப் புரிய நாளாயிற்று. வண்டி இல்லாததால் இவர் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய்வந்தார். மெஷின் தலையைத் துண்டில் சுற்றி, குழந்தையை வைத்துக்கொள்வதுபோல் மடியில் வைத்துக்கொண்டு போவார். தூரத்து வாடிக்கையெல்லாம் கழன்றுகொண்டது. என் தம்பி பார்க்கச் சகிக்காமல் தன் காரின் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தான், கொஞ்ச நாள் ஓட்டுங்க மாமா என்று. இவர் சாவியை வாங்கினார், தெருவில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். பஸ்ஸே சௌகரியமாக இருக்கிறதாம்.

இரண்டு மாதம் ஓடியிருக்கும். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு என் கால் பிரேக்லதான் இருந்துச்சா?"

பிரேக்கில்தான் இருந்தது, வண்டி அசையாமல் நின்றது, நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். தலையாட்டினார். ஆனால் மேஜைக்கு அடியில் அவருடைய வலது கால் தரையை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. அழுத்துகிறார், விடுகிறார், மறுபடி அழுத்துகிறார். இருபது வருஷமாக ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டின மனுஷன்.

அன்றைக்குத்தான் நான் பயந்தேன். வண்டி போனால் போகிறது. பிச்சை எடுத்தாவது இன்னொன்று வாங்கலாம். ஊரில் எல்லாரும் சேர்ந்து இந்த மனுஷனைத் தன் காலையே நம்பாதவராக ஆக்கிவிட்டார்களே, அதை எந்த ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விடுவது? தப்பு உன்னுடையது இல்லை என்று அந்தக் கம்பெனிக்காரன் வாயால் இவர் கேட்டாக வேண்டும். அதற்காக அடுத்த நாளிலிருந்து நான் மறுபடி அந்தப் பாட்டைக் கேட்க உட்கார்ந்தேன்.

போன் போட்டேன், நேரில் போனேன், காவலாளியிடம் சண்டை போட்டேன். தொல்லை தாங்காமல்தான் இருக்கும், ஒருநாள் கிளெய்ம் அதிகாரியே கூப்பிட்டு, இரண்டு பேரும் வாருங்கள் என்றார்.

அதிகாரியம்மாவுக்கு என் வயது இருக்கும். தலைமேல் கண்ணாடி, மேஜையில் திறக்காத சாப்பாட்டு டப்பா, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து அடுக்கின ஃபைல்கள். எங்களுக்கு இடம் ஒதுக்குவதற்காகச் சக்கர நாற்காலியைத் தள்ளியவர், சக்கரத்தை இவர் காலில் ஏற்றிவிட்டார்.

"சாரி மேடம்" என்றார் இவர், காலை இழுத்துக்கொண்டு.

"பரவாயில்லங்க" என்றார் அந்தம்மா, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே.

நான் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை. பாருங்கள், இப்போது நடந்ததுதான் அன்றைக்கும் நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் எங்களை உட்காரச் சொல்லி, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். முழு வீடியோ இருக்கிறதாம். அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். இவர் அந்த வீடியோவை இதுவரை பார்த்ததே இல்லை. நானும் அந்தத் துண்டைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

வீடியோவில் முதலில் நசுங்கின டிக்கி. உருளுகிற பாபின்கள். அப்புறம் நான், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரோட்டில் குனிந்து பொறுக்குகிறேன். பொறுக்கிக்கொண்டே கத்துகிறேன். என் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது? இன்னும் கொஞ்சம் முன்னாடி போய் நிறுத்தியிருக்கலாம்ல? எல்லாம் உங்க தப்புதான்."

அதற்குப் பிறகுதான் இவர் வருகிறார். கையை நெஞ்சுக்கு நேராகச் சேர்த்துக்கொண்டு, நான் சொன்னதை அப்படியே, வார்த்தை பிசகாமல், அந்த இளைஞரிடம் சொல்கிறார்.

எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. சத்தியமாக இல்லை. கண்ணாடி டம்ளர் உடைந்தாலும், பால் பொங்கினாலும், மழையில் துணி நனைந்தாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். 'உங்க தப்புதான்' என்பது எனக்கு மூச்சு மாதிரி. இடி விழுந்த அந்த நிமிஷமும் அதே மூச்சு வந்திருக்கிறது. இவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. ஒற்றைச் செருப்போடு நின்ற அன்று, 'நீதானே சொன்னே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வாய் அன்றே அடைத்துப்போயிருக்கும். சொல்லவில்லை. இத்தனை நாளும் நான் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, என்னிடமே சாரி சொல்லியிருக்கிறார். வெட்கத்தில் எனக்கு இவர் பக்கம் திரும்ப முடியவில்லை.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கீழே இறக்கினார். வண்டி நின்றதற்குச் சாட்சி நீங்கள்தான், ஆனால் நீங்களே இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அலுத்துப்போயிருந்தார், அன்றைக்கு நாங்கள் எத்தனையாவது ஆளோ. ஒரே ஒரு வழி இருக்கிறது, இரண்டு தரப்பிலும் பாதிப் பாதித் தப்பு என்று கையெழுத்துப் போட்டால் பாதிச் செலவைக் கம்பெனி உடனே கொடுத்துவிடும், வண்டியை அடுத்த வாரமே எடுத்துவிடலாம் என்றார். இல்லையென்றால் மேலே போகும், எப்போது முடியும் என்று தனக்கே தெரியாது.

நான் பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். எனக்குத் தெம்பு இல்லை. அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேட்க முடியாது. என் குரலை அந்தத் திரையில் இன்னொரு தடவை கேட்கவே முடியாது. பேனாவை இவர் கையில் திணித்து, போட்டுடுங்க, போதும், வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

இவர் பேனாவை வாங்கிக்கொண்டார். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீடியோ முடிந்து, கையைச் சேர்த்துக்கொண்டு நிற்கிற இவருடைய உருவத்தில் அப்படியே நின்றிருந்தது.

"மேடம், இன்னொரு தடவ போடுறீங்களா?" என்றார்.

அந்தம்மா போட்டார். இவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து பார்த்தார். பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் தடுமாறுகிற யாரோ ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். இவருக்கு ஊரில் எல்லார் மேலும் இரக்கம் உண்டு. தன்னை மட்டும் வெளியே நின்று பார்த்ததில்லை. இப்போது திரையில் பார்க்கிறார். சட்டைக் காலர் நைந்துபோய், தன்னை இடித்தவனுக்கு அடிபட்டதா என்று விசாரிக்கிற ஒரு மனுஷன்.

"பாவம்" என்றார் மெதுவாக. "அந்த ஆளு நின்னுக்கிட்டுதானே இருந்தாரு."

"என் கால் பிரேக்ல இருந்துச்சு மேடம்" என்றார் இவர். குரல் உயரவில்லை, ஆனால் தயங்கவும் இல்லை. "வண்டி உருளல. நின்னுக்கிட்டு இருந்துச்சு. எல்லார்கிட்டயும் நான் மன்னிப்புக் கேட்டாச்சு. என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. பாதித் தப்புன்னு என்னால எழுத முடியாது."

பேனாவின் மூடியைப் போட்டு மேஜையில் வைத்தார். சாரி சொல்வார் என்று நானும் எதிர்பார்த்தேன், அந்தம்மாவும் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை. அதிகாரியம்மா கையெழுத்துக்காக வைத்திருந்த தாளை எடுத்து மடித்து வைத்தார். அப்புறம் இன்னொரு தாளை எடுத்து, நீங்கள் இப்போது சொன்னதை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்பி வைக்கிறேன், ஆனால் நாளாகும் என்றார். ஆகட்டும் என்றார் இவர். உட்கார்ந்து நிறுத்தி நிதானமாக எழுதினார்.

கதவு வரைக்கும் போனபோது அந்தம்மா கூப்பிட்டார்.

"சார், நாற்காலி கால்ல ஏறிடுச்சு இல்ல. சாரி."

"ஆமா மேடம், வலிச்சுது" என்றார் இவர்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். எதுவும் முடியவில்லை; நாளைக்கு மறுபடி ஆனா ஆவன்னா, மறுபடி அந்தப் பாட்டு, ஒர்க்‌ஷாப்காரரின் முகம். என் உடம்பில் ஒரு எலும்பும் நேராக இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொல்லியிராத ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லிப் பழக்கம் இருந்தது இந்த வீட்டில் ஒருவருக்குத்தான்.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புங்க" என்றேன். "அப்புறம் வீட்டுல பேசினதும். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

சொல்லி முடிப்பதற்குள் தடுத்துவிடுவார் என்று நினைத்தேன். 'விடும்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்பார், கூடவே எனக்கு ஒரு சாரியும் சொல்வார், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். இவர் தடுக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கடைசி எழுத்து வரைக்கும் கேட்டார்.

எங்கள் பஸ் வந்து நின்றது. இவர் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

சொன்னேன்.